பெயர்ச்சொற்கள்

காலை ஷிப்ட் ஒன்பதரைக்கு முடியும்.
அடுத்தது இரண்டு மணிக்கு.
இடைவெளியில் மற்ற டிராம் ஓட்டுநர்கள் தூங்குவார்கள்.
நான் சீருடையோடு
பேர்ன் பல்கலைக்கழக நூலகத்துக்குள் போனேன்.
கதவு தானாகத் திறந்தது.
யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

திரையில் வெள்ளையாக ஒரு தேடுபெட்டி,
உள்ளே துடிக்கும் ஒற்றைக் கோடு.
என்ன வேண்டுமென்று அதற்குச் சொல்ல வேண்டும்.
எனக்கு வேண்டியது தெரியும்.
அதன் பெயர்தான் தெரியாது.

தவமலருக்கும் அதுதான்.
மார்ச்சில் குளியலறையில் விழுந்தாள்.
கண் விழித்தபோது
வினைச்சொற்கள் இருந்தன, இடைச்சொற்கள் இருந்தன,
கோபம் முன்னைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது.
பெயர்ச்சொற்களை மட்டும்
இரவோடிரவாக யாரோ
வீடு காலி செய்து கொண்டுபோயிருந்தார்கள்.
கதிரை, "இருக்கிறது."
சவர்க்காரம், "வழுக்கிறது."
திறப்புக்குச் சொல் அகப்படாமல்
வெறுங்காற்றில் மணிக்கட்டைத் திருப்புவாள்.
என்னை "இஞ்சாருங்கோ" என்பாள்.
முப்பத்தொரு வருடமாக அப்படித்தான் கூப்பிட்டாள்,
அந்தக் கணக்கில் நட்டம் எவ்வளவென்று
இன்றுவரை பிடிபடவில்லை.

ஜெர்மனில் "மூளை" என்று அடித்தேன்.
நாற்பத்தோராயிரம் புத்தகங்கள்.
"மறதி" என்று அடித்தேன், உடனே அழித்தேன்.
அவள் எதையும் மறக்கவில்லை,
தொண்ணூற்று நாலில் என் தம்பி வாங்கிய கடன் உட்பட.
"பேச்சு" என்றேன். மந்திரிமார் வந்தார்கள்.
கடைசியில் முழுதாகவே எழுதினேன்:
என் மனைவிக்குப் பொருட்களின் பெயர் வருவதில்லை.
நீங்கள் தேடியது இதுவா என்று கேட்டு
திருமணச் சொத்துச் சட்டத்தை நீட்டியது.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணின் அட்டையில்
ஆர். ஏபி என்றிருந்தது.
முதலில் என் சீருடையைப் பார்த்தார்,
எதையோ தொலைத்துவிட்டு வந்தேனோ என்று.
விளக்க வராமல் நானும்
மணிக்கட்டைக் காற்றில் திருப்பிக் காட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.
ஒரே ஒரு சொல்லை அடித்தார்: அனோமியா.
பெயர் இல்லாமைக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.
கசங்கிய சீட்டில் எண்ணைக் குறித்துக் கொடுத்து
"கீழே, இரண்டாம் தளம்" என்றார்.

கீழே அலமாரிகள் தண்டவாளத்தில் நின்றன.
சத்தியமாகத் தண்டவாளம்.
கைச்சக்கரத்தைச் சுற்றினால்
முழுச் சுவரும் மெல்ல நகர்ந்து வழிவிட்டது.
நடுவில் ஆள் இருக்கிறதா என்று
பழக்கத்தில் இருபுறமும் பார்த்துக்கொண்டேன்.
வலிப்பு, தூக்கம், நடுக்கம்,
தலைவலிக்கு மட்டும் இரண்டு தட்டுகள்.
பிறகு, சீட்டில் இருந்த எண்.

பாதி புரிந்தது.
ஐம்பத்தெட்டு வயதுப் பெண், தையல்காரி.
சீப்பைக் காட்டியபோது தலையைத் தொட்டாள்.
ஊசியைக் காட்டியபோது அழுதாள்.
அவளுக்குப் பிறகு என்ன ஆனது?
பக்கத்தைப் புரட்டினேன்.
அடுத்த பக்கத்தில் வேறு நோயாளி.

இரண்டு மணிக்கு மீண்டும் தண்டவாளம்.
பேரன்பிளாட்ஸ், சிட்க்ளொக்கே, ஹெல்வெட்சியாபிளாட்ஸ்,
பதிவுக் குரல்
ஒவ்வொரு நிறுத்தத்தையும் பெயர் சொல்லி அழைத்தது,
ஒருமுறைகூடத் தடுமாறாமல்.
அதன்மேல் எனக்குக் கோபம் வந்தது.

வீட்டில், கோட்டைக் கழற்றாமலே
இரவல் புத்தகத்தை அவள் முன் விரித்தேன்.
மூளையின் குறுக்குவெட்டு, முழுப் பக்கப் படம்.
எந்த இடத்தில் அடைத்ததென்று
காட்டத்தான் விரலை எடுத்தேன்.
அவள் கண்ணாடியைப் போட்டாள்,
குனிந்தாள்,
ஒரே மூச்சில், தயங்காமல்
"பூக்கோவா" என்றாள்.

ஆறு மாதத்தில் முதல் பெயர்ச்சொல்.
நான் திருத்தவில்லை.
"வேண்டிக்கொண்டு வாங்கோ" என்றாள்,
படத்தின்மேல் தட்டி.

கடை பூட்ட இருபது நிமிடம் இருந்தது.
சப்பாத்தை மாட்டினேன்.